அம்மா எண்ணிக் காட்டிய ஜப்பானிய எண்கள்

இன்று எங்கள் ரந்தாவ் ஊர் மண்டபத்தில் விழா. எங்கள் ஊரும் ஜப்பானில் ஒரு சிற்றூரும் இனிமேல் சகோதர ஊர்களாம். ஊரிலேயே மூத்தவர் என்று என் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

வந்திருந்த ஜப்பானியப் பெரியவர், தன் மொழி தெரியுமா என்று அம்மாவைக் கேட்டார். ஜப்பானில் படித்த நம்மூர்ப் பெண் ஒருத்தி மொழிபெயர்த்தாள்.

அம்மா, "இச்சி, நி, சான்" என்று பத்து வரை சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கே கற்றீர்கள் என்றார் பெரியவர்.

"ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல, ரப்பர் எஸ்டேட்டுல. காலையில ஆளுங்கள நிக்க வச்சு எண்ணச் சொல்வாங்க. எங்கப்பாவுக்கு ஏழு வாயில வராது, அறைவாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சரியா எண்ணுனவங்களத்தான் சயாம்ல ரயில் பாதை போட லாரியில ஏத்துனாங்க. அப்பா திரும்பி வரல."

அந்தப் பெண் ஒரே வரியில் மொழிபெயர்த்தாள். பெரியவர் முகம் மலர்ந்து அம்மாவை வணங்கினார்.

வெளியே அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பாகூட சேர்ந்து படிச்சாங்கன்னு சொன்னேன் அங்கிள். விழா நாள்லா, அதெல்லாம் எதுக்கு?"

காரில் அம்மா கேட்டார், "அந்த ஆளு ஏன்டா சிரிச்சாரு?"

என் இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?