யோகமலர் கேட்டு வாங்கிய போத்தல்கள்

யோகமலருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று, ஊர்விட்டு வந்த நம் சனம் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

1996இல் அவள் தியாகலிங்கம் டொக்டரின் பல் கிளினிக்கில் உதவியாளர். கடைவாய்ப்பல் பிடுங்கியவர் யாராக இருந்தாலும் டொக்டர் மயக்கம் தரும் கொடீன் கலந்த நோக்குளிசை இருபதுக்கு மருந்துத் துண்டு எழுதிக் கொடுப்பார். ஒரு கிழமை கழித்துத் தையல் வெட்டும்போது, "குளிசை எல்லாம் போட்டனீங்களோ?" என்று கேட்பார்.

"ஓம் டொக்டர், எல்லாம் முடிஞ்சுது."

டொக்டர் தந்த மருந்தைப் போடவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல நம் சனத்துக்கு நா எழாது. டொக்டரோ இருபதும் காணாது போல என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நோயாளிகளில் பாதிப் பேர் யோகமலர் இருந்த மாடிக் கட்டடத்துக்காரர்கள். மிச்சக் குளிசைகள் போத்தலோடு மாஜரீன் டப்பாவில் கிடந்து, தலையிடி, நாரிநோ என்று கேட்டவருக்கெல்லாம் கைமாறின. அப்படி வாங்கி இரண்டை ஒன்றாக விழுங்கிய ஜோசப்பின் அன்ரி, தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவர் வாங்கிய போத்தலில் தியாகலிங்கம் டொக்டரின் பெயர் ஒட்டியிருந்தது. அதை யோகமலர் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

குளிசை மிஞ்சி வீட்டுக்கு வீடு கைமாறுகிறது என்று மறுநாளே டொக்டரிடம் சொன்னாள்.

"நோ எவ்வளவு எண்டு சனம் எனக்குச் சொல்லுது. நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றார் அவர்.

அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள். தையல் வெட்ட நாள் குறித்துக் கொடுக்கும்போது, "வரேக்கை குளிசைப் போத்தலையும் கொண்டுவாங்கோ, டொக்டர் பார்க்கவேணுமாம்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டாள். அது பச்சைப் பொய். அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஒரு மாதத்தில் பதினொரு போத்தல்கள் சேர்ந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் டொக்டரின் முன்னால் ஸ்டீல் தட்டில் கொட்டினாள். எழுதிக் கொடுத்தது இருநூற்றிருபது. தட்டில் கிடந்தது நூற்றுத் தொண்ணூற்றொன்று.

டொக்டரின் முகம் கறுத்துவிட்டது. "இவ்வளவு பேரும் எனக்குப் பொய் சொன்னவையோ?"

"பொய் இல்லை டொக்டர். மரியாதை."

அவர் குளிசைகளைத் தானே திரும்ப ஒருக்கால் எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி, அடுத்த ஆளுக்குக் கடையிலை விக்கிற வெறும் ஐபுபுரோஃபன்தான். அவர் நோவாலை துடிச்சாரெண்டால் நீர் இங்கை வேலைக்கு வரவேண்டாம்" என்றார்.

அடுத்த ஆள் டாக்சி ஓட்டும் கிறிஸ்துநாயகம். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மற்றவைக்கெல்லாம் பெரிய குளிசை, எனக்கு மட்டும் இல்லையோ?"

"சாப்பிட்டிட்டு இதை நேரத்துக்கு நேரம் போடுங்கோ அண்ணை. தாங்கேலாட்டி எனக்கு எடுங்கோ" என்று யோகமலர் தன் வீட்டு நம்பரை எழுதிக் கொடுத்தாள். அன்றிரவு அவள் வீட்டுத் தொலைபேசி அடிக்கவில்லை. அவளுக்குத்தான் நித்திரை இல்லை.

காலையில் கிளினிக்கிலிருந்து அவளே அவருக்குப் போன் எடுத்தாள். டொக்டர் பக்கத்தில் நின்றார்.

"நோகுதோ அண்ணை?"

"பல்லைப் பிடுங்கினா நோகாதோ பிள்ளை? ஆனா தாங்கலாம். கஞ்சி குடிச்சிட்டு நல்லா நித்திரை கொண்டனான்."

கேட்டதை அப்படியே சொன்னாள். டொக்டருக்கு இன்னும் சந்தேகம். "அவரும் மரியாதைக்குச் சொல்லுறாரோ?"

"எனக்கு ஆர் டொக்டர் மரியாதை பாக்கினம்?"

தியாகலிங்கம் டொக்டர் வாய்விட்டுச் சிரித்ததை ஐந்து வருடத்தில் அன்றுதான் அவள் கண்டாள். அன்றிலிருந்து பல் பிடுங்கிய ஒவ்வொருவருக்கும் அடுத்த நாள் போன் எடுத்து விசாரிப்பது அவள் வேலையாயிற்று. அவளிடம் எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். உண்மையிலேயே தாங்கமுடியாத இரண்டொருவருக்கு மட்டும் டொக்டர் கொடீன் குளிசை எழுதினார், அதுவும் நாலைந்து.

பிறகொருநாள் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பல் டொக்டர், நோவுக்கு இங்கே என்ன எழுதுகிறீர்கள் என்று தியாகலிங்கம் டொக்டரைக் கேட்டார். அவர் யோகமலருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும் யோகமலர். நீரே இவருக்குச் சொல்லும்."