கறுப்பு காரும் கம்பளி பேடும்

ஊருக்குப் போன மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் கறுப்பு காரை ஒரு வாரத்துக்கு என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நேற்று பாலிஷ் மெஷினை இரவல் வாங்கி பானட்டைத் தேய்த்தேன். வெயிலில் பார்த்தால் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள்.

இன்று லீவு போட்டுவிட்டு, அதே காரில் டிராஃபிக்கில் ஊர்ந்து அடுகோடியில் இருக்கும் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

“மெஷின்ல தேய்க்கிறதுக்கு எந்த பேட் மாட்டுனீங்க சார்?” என்றார் கடைக்கார அம்மா.

“கம்பளி.”

“அது ஆழமான கீறலுக்கு சார். இதுக்கு மெத்துனு இருக்கிற ஸ்பாஞ்ச் பேட் போதும். ஓரத்துல மட்டும் மெஷின் வைக்காதீங்க, பெயிண்ட் போயிடும்.”

வாசலில் நின்ற காரின் பானட் ஓரத்தைக் காட்டினேன். விரல் நீளத்துக்கு, பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பிரைமர் வெள்ளையாகத் தெரிந்தது. குனிந்து தடவிப் பார்த்தார்.

“இதுக்கு பேட் இல்ல சார். பெயிண்டர்தான்.”

அந்த நேரம் பார்த்து மச்சானின் போன். “வண்டி எப்படி இருக்கு மாப்ளே?”

“பளபளன்னு இருக்கு மச்சான்.”

கடைக்கார அம்மா என்னைப் பார்க்காமல் ஸ்பாஞ்ச் பேடைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து கை ஓயும்வரை தேய்த்தேன். வட்டங்கள் போய்விட்டன. பானட் கண்ணாடி மாதிரி ஆனதில், ஓரத்து வெள்ளை இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஞாயிறு காலை அவர் வருகிறார். மச்சானிடம் உண்மையைச் சொல்லித் தப்பித்தவர்கள் யாராவது இருந்தால், பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.