மேவிஸ் காட்டரில் தூரிகையால் அடித்த கார்

சின்னச் சின்ன பிளாஸ்டிக் கார், லாரி செய்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மாடல் கிளப்பின் செய்திமடலில் மேவிஸ் காட்டரிலைப் பற்றி மூன்று வரி போட்டிருந்தார்கள். "ஆர்வமுள்ள மூத்த உறுப்பினர். பிளாஸ்டிக் கார்களை நேர்த்தியாகச் செய்வார். இனிமையாகப் பழகுவார்." படித்துவிட்டு அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தேன். இனிமையாகப் பழகுவாராம். கூட்டத்துக்கு நடுவில் அந்த அம்மாவை ஏமாற்றுக்காரி என்று சொல்லாமல் சொன்னவர்கள் எழுதுகிற எழுத்தா இது? அதனால் நானே எழுதி, கார் ஆலையில் வேலை பார்த்த பழைய ஆட்கள் நடத்தும் இதழுக்கு அனுப்புகிறேன். பள்ளிக்கூடம் எனக்குப் பதினைந்து வயதோடு சரி. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பொய் இருக்காது.

என் பெயர் ரெஜ் ஆல்சப். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் இடிபட்ட காரை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை மூன்று வைத்திருந்தவன். தரை கூட்டுகிறவனாக உள்ளே போனேன், முப்பத்தொரு வயதில் அதே பட்டறையை என் பெயருக்கு வாங்கினேன். என் கையில் சரியாகிப் போன காரில் எந்தக் கதவு பழையது, எந்தக் கதவு புதியது என்று ஒரு ஆள் கண்டுபிடித்தது கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், பெயிண்ட் விஷயத்தில் மேவிஸ் என்னைவிட ஒரு படி மேல். வேறு யாரைப் பற்றியும் இப்படி நான் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை.

மேவிஸ் பதினெட்டு வயதில் கார் ஆலைக்குள் போனவர். இருபத்து நாலு வருஷம் கடைசி பெஞ்சில் வேலை. கார் வரிசையின் முடிவுக்கு வரும்போது எங்காவது ஒரு கீறல், கதவு ஓரத்தில் கடுகளவு பெயர்ந்த இடம் இருக்கும். அதை மெல்லிய தூரிகையால் சரிசெய்து, சரிசெய்தது தெரியாமல் அனுப்ப வேண்டும். ஆறு பெண்கள் அந்த பெஞ்சில். ஆண்கள் அவர்களுக்கு வைத்த பெயர் நகப்பூச்சுக் கும்பல். ஒருநாள் ஒருத்தன் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டி, "என்னம்மா, என் நகத்துக்கும் ஒரு பூச்சு அடிச்சு விடறியா?" என்றானாம். மேவிஸ் நிமிரவே இல்லை. "மொதல்ல துருவைத் தேச்சுட்டு வா. துருமேல பெயிண்ட் நிக்காது."

ஆலையை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து விளையாட்டாக ஒரு பிளாஸ்டிக் கார் கிட் வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் சட்டத்தோடு ஒட்டிய துண்டுகள், வெட்டித் தேய்த்து ஒட்டவேண்டியது. சமையல் மேசையில் உட்கார்ந்து அதைச் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை நாற்பத்தொன்று. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வார்.

கிளப்பில் எல்லோரும் காற்றடிக்கும் ஸ்ப்ரே வைத்திருக்கிறோம். மேவிஸிடம் அது கிடையாது. உண்மையான கார் பெயிண்டைப் பால் மாதிரி நீர்க்கக் கரைத்து, பானெட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு. திரும்பப் போகக்கூடாது. போனால் கீழே இருப்பது கரைந்து தூரிகையோடு வந்துவிடும். ஒரு பூச்சு, ஒருநாள் காத்திருப்பு. இப்படி எட்டுப் பூச்சு. பிறகு துணி மாதிரி இருக்கும் உப்புத்தாளால் தண்ணீரில் தேய்த்து, பாலிஷ். நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். உழுத வயல் மாதிரி வந்தது. யாரிடமும் காட்டவில்லை.

"கை நடுங்காதா?" என்று கேட்டேன்.

"நடுங்கும். மூச்சை விட்டுட்டு இழுத்தா நடுங்காது. நீ மூச்சு விடற நேரத்துலயும் பேசற ஆளு, உனக்கு வராது ரெஜ்."

இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பரில் கிளப்பின் ஆண்டுப் போட்டி. மேவிஸ் தன் ஆலையில் ஓடிய ஒரு காரைச் செய்தார், ஆலைக்காரர்கள் ஆரஞ்சுத்தோல் ஜாமின் பெயரை வைத்து மார்மலேட் என்று கூப்பிட்ட ஆரஞ்சு நிறத்தில். அந்த நிறம் மாடல் கடைகளில் கிடைக்காது. பழைய நிறப் புத்தகத்தைப் பார்த்து என் பட்டறையில் நானே கலந்து ஒரு சின்ன டின் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான். மூன்று மாத வேலை அவருடையது.

போட்டியன்று மத்தியானம் அந்தக் காரைச் சுற்றித்தான் கூட்டம். தேநீர் வாங்குகிற இடத்தில் ஒருத்தன் கேட்டான், "அந்த மார்மலேட் காரைப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? அது என் பெயிண்ட்டுடா," என்றேன்.

பட்டறையில் "என் பெயிண்ட்" என்றால் நான் கலந்தது. மாடல் கிளப்பில் "என் பெயிண்ட்" என்றால் நான் அடித்தது. இரண்டும் எனக்குத் தெரியும். எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்டால், கேட்டவன் எப்படி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்ற அர்த்தத்தில்தான். எனக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றவர் ட்ரெவர் ஸ்னெல், தலைமை நடுவர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களைப் பார்த்து, எதில் பொய் இருக்கிறது என்று தேடியே ஓய்வு பெற்றவர். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டுதான் மாடல்களைப் பார்ப்பார்.

பிறர் கை பட்ட மாடல் போட்டியில் நிற்கக் கூடாது என்பது விதி. விலக்கப்பட்டதன் அடையாளமாக, முன்னால் இருக்கும் பெயர் அட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். நான் தேநீரைக் குடித்துவிட்டு வருவதற்குள் மேவிஸின் அட்டை கவிழ்ந்து கிடந்தது. காரைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை அந்த ஆள். அடுத்தவர் மாடலைத் தொடக்கூடாது என்கிற மரியாதையாம். காரைத் தொட மரியாதை தடுத்தது, பெயரைக் கவிழ்க்கத் தடுக்கவில்லை.

"என் அட்டை ஏன் கவுந்து கெடக்கு?" என்று கேட்டார் மேவிஸ்.

"மிஸஸ் காட்டரில், கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்றார் ஸ்னெல்.

"அட்டையை எல்லார் முன்னாடியும் கவுத்தீங்கல்ல, இங்கயே பேசுங்க."

"பெயிண்ட் அடிச்சது நீங்க இல்லைன்னு தகவல்."

"யார் சொன்னா?"

ஸ்னெல் என்னைப் பார்த்தார். அப்புறம் கூடமே என்னைப் பார்த்தது.

"யோவ் ட்ரெவர், டின்னுதான்யா என்னோடது. அடிச்சது அவங்க," என்றேன்.

"கால் மணி நேரம் முன்னாடி நீங்க அப்படிச் சொல்லலையே."

"பெருமைக்குச் சொன்னேன்." அறுபத்தெட்டு வயதுவரை இந்த வார்த்தையை நான் யார் முன்னாலும் சொன்னதில்லை.

ஸ்னெல் தலையை ஆட்டினார். "கார் பெயிண்டைத் தூரிகையால அடிச்சா கோடு விழும். இதுல ஒரு கோடு இல்ல. இது ஸ்ப்ரே. நாப்பது வருஷமாப் பாக்கறேன்."

"உன் நாப்பது வருஷத்தைக் கொண்டுபோய்..." என்று ஆரம்பித்தேன்.

மேவிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பேசினது போதும் ரெஜ்."

கிளப் தலைவர் சமாதானமாக, அடுத்த கூட்டத்துக்குத் தூரிகையைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் அடித்துக் காட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்றார்.

"இருபத்து நாலு வருஷம் அடிச்சுக் காட்டியாச்சு. டிக்கெட் போட்டுக் காட்டறதுக்கு நான் என்ன சர்க்கஸா?"

சொல்லிவிட்டுக் காரைக் கையில் எடுத்தார். அது பானெட் திறக்காத மாடல். மேல்கூடு அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும், உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்ப்ரே பிடித்தவனுக்கு ஒன்று தெரியும்: எவ்வளவு கவனமாக அடித்தாலும் கிரில் வழியாகவும் சக்கர இடுக்கு வழியாகவும் தூறல் உள்ளே போய் ஒட்டும். டேப் போட்டு மறைத்தால் டேப்பின் விளிம்பு கோடாக நிற்கும். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று என் பேச்சுக்கு அங்கே மரியாதை இல்லை.

இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து நெம்பினார். சடக் என்று ஒரு சத்தம். புகைக்குழாய் ஒடிந்து மேசைக்குக் கீழே போனது. ஒரு முன்சக்கரம் போனது. முன்கண்ணாடி ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் ஒன்று விரிசல் விட்டது. மேல்கூட்டைக் கவிழ்த்து ஸ்னெல்லின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"வெளக்குதான் நெத்தியிலயே இருக்கே. பாருங்க."

உள்ளே வெறும் வெள்ளை பிளாஸ்டிக். ஒரு புள்ளி ஆரஞ்சு இல்லை, டேப் கோடு இல்லை. சக்கர வளைவின் ஓரத்தில் பெயிண்ட் கை நிறுத்திய இடத்தில் நின்றிருந்தது. ஸ்னெல் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"இருக்கலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லவில்லை. இருக்கலாமாம். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, உடைந்த மாடலுக்கு மதிப்பெண் கிடையாது என்ற விதியையும் அவரே நினைவுபடுத்தினார். பரிசுக் கோப்பை ஒரு லாரி மாடலுக்குப் போனது. சுமாரான லாரி.

அடுத்த கூட்டத்தில் ஸ்னெல்லை நடுவர் பொறுப்பிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்பது பேர் எனக்கு, பதினான்கு பேர் அவருக்கு. மேவிஸ் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இனி இந்தக் கூடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். மேவிஸைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வழியில் கத்தினேன்.

"உனக்காகத்தான பேசினேன். ஏன் கை தூக்கல?"

"அவரைத் தூக்கிட்டா என் அடுத்த காரை யாரு பாக்கறது? அவருதான் பாக்கணும்."

"நீயும் கிளப்பை விட்டுட்டு வா மேவிஸ். அவங்க மூஞ்சில முழிக்கணுமா?"

"தப்பு பண்ணினது அவரு. வாய விட்டது நீ. நான் எதுக்கு வெளிய போகணும்?"

வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப் போய் அவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம்கூட மேவிஸ் தவறவிட்டதில்லை. முழங்கால் வலியால் பஸ் ஏறமுடியாது, நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். கால் வைக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், அதனால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நடப்பதை மற்றவர்கள் சொல்லித் தெரியும். இப்போதெல்லாம் மேவிஸ் எந்தக் காரின் மேல்கூட்டையும் ஒட்டுவதில்லை. நேராக ஸ்னெல்லின் முன்னால் போய் நின்று, கூட்டைக் கழற்றி, உள்பக்கத்தை நீட்டுகிறார். அந்த ஆள் நெற்றி விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாகவேண்டும். பார்த்த பிறகு மேவிஸ் கேட்பாராம், "எதுல அடிச்சது மிஸ்டர் ஸ்னெல்?" அவர் பதில் சொல்லும்வரை நகரமாட்டாராம். கூடம் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்குமாம்.

போன வியாழக்கிழமையும் போனோம். எட்டரைக்கு மேவிஸ் வெளியே வந்து காரின் கதவைத் திறந்து, மாடல் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன சொன்னான்?" என்றேன்.

"தூரிகைன்னு சொன்னாரு. பின்வரிசைக்குக் கேக்கலைன்னாங்க, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "வண்டிய எடு, கால் வலிக்குது."