பசைக்குக் கீழே ஒரு விரிசல்

நான் ஒரு விரிசலை மறைத்தேன். ஒருவரின் உயிரைத் தாங்கும் சக்கரத்தில் என் கையாலேயே உண்டாக்கிய விரிசல் அது. அதன் மேல் பசை தடவி, டயரை ஒட்டி, சிரித்த முகத்தோடு அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

மதுரையில் சைக்கிள் பழுதுபார்ப்பவன் நான். அவர் கல்லூரி ஆசிரியை. விடியற்காலையில் அழகர்கோவில் சாலையில் பந்தய சைக்கிள் ஓட்டிப் பழகுகிறவர். ஒருநாள் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவ்வகைச் சக்கரங்களில் டயரை ரிம்மோடு, அதாவது சக்கர வளையத்தோடு, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பழைய பசையைச் சுத்தமாக எடுத்தால்தான் புது டயர் பிடிக்கும்.

"இது கார்பன் ரிம்முண்ணே. பாத்துச் செய்வீங்கள்ல?"

"எம்புட்டு ரிம் பாத்திருக்கேன். விட்டுட்டுப் போங்கம்மா."

நான் பார்த்ததெல்லாம் அலுமினியம். சூடு தாங்காத கார்பன் இழை ரிம்மை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். ஏன் சொல்லவில்லை? தெரியாது என்று சொல்ல நாக்குக் கூசியது. அவ்வளவுதான்.

பசையைக் கரைக்கும் அசிட்டோனில் துணியை நனைத்து, ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்க வேண்டும். அப்படித்தான் தொடங்கினேன். அரை ரிம் முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. அலுமினியத்துக்குச் செய்வதுபோல் அனல்காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். பசை பட்டை பட்டையாக உரிந்து வந்தது... எவ்வளவு மகிழ்ச்சி எனக்கு! அப்போதுதான் 'டிக்' என்று ஒரு சத்தம்.

நகத்தால் தடவினேன். தட்டுப்பட்டது. தலைமுடி போல ஒரு கோடு.

உடனே அவரை அழைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கடைவாசலைப் பார்த்தேன். யாருமில்லை. புதுப் பசையை அள்ளித் தடவினேன்.

அந்த ஞாயிறு பந்தயம். மலையிறக்கப் பாதை என்று, சக்கரத்தை வாங்க வந்தபோது அவர் சொன்னார். அப்போதும் சிரித்தபடியே சக்கரத்தை நீட்டினேன். ஞாயிறு முழுவதும் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திங்களன்று அவரே இனிப்போடு வந்தார். மூன்றாம் இடமாம்.

"இறக்கத்துல பிரேக்கையே தொடலண்ணே. நீங்க செஞ்ச வீலுன்னு ஒரு தைரியம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

சக்கரத்தை வரவழைத்து, ஏதேனும் சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்று நாள்தோறும் நினைத்தேன். மாதங்கள் ஓடின. ஒருவழியாகத் துணிந்து அழைத்தேன். புதுச் சக்கரங்கள் வாங்கியதும் பழையவற்றை ஆன்லைனில் விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். பெயர் நினைவில்லை, போன் எண்ணும் இல்லை என்றார்.

"ஏண்ணே, எதும் பிரச்சினையா?"

"இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

சும்மா! எப்படி வந்தது அந்தச் சொல்?

இப்போது செய்தித்தாளில் சைக்கிள் விபத்து என்று கண்டால், முதலில் ஊர்ப்பெயரைத்தான் தேடுகிறேன். கோயம்புத்தூரைச் சுற்றி எத்தனை மலைச்சாலைகள்... எத்தனை வளைவுகள்! அந்தச் சக்கரத்தை வாங்கியவர் இன்று எந்த இறக்கத்தில் இருக்கிறார்? பிரேக்கைத் தொடுகிறாரா?

நீங்கள் பழைய கார்பன் சக்கரம் வாங்கியவரா? முன்சக்கரத்தின் டயரை உரித்துப் பாருங்கள். காற்றடிக்கும் துளைக்கு நேர் எதிரே. கண்ணுக்கு எளிதில் தெரியாது, நகத்தால் தடவுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். என் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த ஆசிரியையிடமும் இன்னும் சொல்லவில்லை. நேற்றுகூட டயர் மாற்ற வந்திருந்தார்.