நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. சிறிய பதிப்பகம் ஒன்றின் உரிமையாளரான அவள் அப்போது துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பேசியவள், பதிப்பகத்தில் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்த்துவந்தவரின் தங்கை.

“அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா.”

“இவ்வளவு சீக்கிரமாவா? ஆபீஸ் சாவி என்கிட்டல்ல இருக்கு?”

கேட்டு முடித்த பிறகுதான் சொல்லின் இன்னொரு பொருள் அவளுக்கு உறைத்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது. வைத்தாள். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. காப்பி கொண்டுபோன தங்கை நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோளைத் தொட்டிருக்கிறாள்.

அப்படிக் கேட்டுவிட்டோமே என்று நாள் முழுவதும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஒரு சொல்லை ஒருவர் வேறாகப் படித்துவிடுவதில் அவருக்கு அத்தனை ருசி.

அச்சகத்துக்காரர்கள் அவரை அரைப்புள்ளி என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு மூச்சிரைக்க ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார். நாற்பதாம் பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. “யோவ், ஒரு புள்ளிக்காகவா மிஷினை நிறுத்தச் சொல்ற?” என்று அச்சகத்து முதலாளி கத்தினார். “ஒரு புள்ளி இல்லைங்க. மேல ஒரு புள்ளி, கீழ ஒரு கமா. ரெண்டு இருக்கு” என்றார் இவர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. “முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே” என்பார்.

பதிப்பகம் ஒரு டயர் கடையின் மாடியில் மூன்று அறைகள். அதில் ஒன்று குடோன். விற்காத புத்தகக் கட்டுகள் ஜன்னலை மறைத்து நின்றதால் அங்கே பகலிலும் விளக்குப் போடவேண்டும். அச்சுப் புத்தகம் என்றால் ஒருவர்கூட வாங்குவதற்கு முன்பே காகிதக்காரர், அச்சகம், பைண்டர் எல்லாருக்கும் காசு கொடுத்தாகவேண்டும். பிறகு கட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு அவர்தான் மின்னூல் பேச்சை எடுத்தார். நாற்பத்தாறு வயதில், தானே உட்கார்ந்து, புத்தகத்தை மின்னூலாக மாற்றக் கற்றுக்கொண்டார். முதல் வருட வருமானம் மொத்தமும் பிரிண்டருக்கு இரண்டு மை டப்பா வாங்கத்தான் போதுமானதாக இருந்தது.

“அண்ணே, இதுக்கா கண்ணைக் கெடுத்துக்கிட்டீங்க?” என்றாள் அவள்.

“சின்னக் காசுக்குத்தான் மேடம் கணக்கு சரியா இருக்கணும். பெரிய காசுன்னா கேட்டு வாங்கிக்குவாங்க. சின்னக் காசைக் கேக்கவே எழுத்தாளருங்க கூச்சப்படுவாங்க.”

ஒப்பந்தத்தில் அச்சுப் புத்தகத்துக்குப் போலவே மின்னூலுக்கும் எழுத்தாளருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று அவள் எழுதியிருந்தாள். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து அவள் மேசைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவர் வாயில் ‘மேடம்’ ‘தாயே’ ஆகிவிடும்.

“தாயே, இதுல அச்சகம் இல்ல, பைண்டர் இல்ல, குடோன் இல்ல. குடோன்ல புத்தகத்தைத் தின்ன எலி கூட இல்ல. அப்புறம் எலியோட பங்கையும் சேத்து நாம எதுக்கு எடுக்குறோம்?”

“உங்க சம்பளம் இருக்கே அண்ணே!”

“அது இருக்கு. அதுக்கு மேலயும் இருக்கு, கணக்கைப் பாருங்க.”

பார்த்தாள். இருந்தது. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, விற்கும் இணையதளம் தன் பங்கை எடுத்தது போக வருவதில் பத்தில் நான்கு எழுத்தாளருக்கு என்று திருத்தினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுபத்தேழு எழுத்தாளர்களுக்கும் அவர் ஆளுக்கு ஒரு தாள் அனுப்புவார். எத்தனை விற்றது, தளம் எவ்வளவு எடுத்தது, நாங்கள் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு. ஒரு கவிஞர் தன் பங்கைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “இந்தக் காசுல நான் என்னய்யா வாங்குறது?” “ஒரு பேனா வாங்குங்க சார். மை அடுத்த தவணைல வரும்.” மறு வருடம் அந்தக் கவிஞருக்கு உண்மையிலேயே கொஞ்சம் கூட வந்தது. “மை வந்துடுச்சு” என்று கூப்பிட்டுச் சொன்னார்.

காசு மெல்லத்தான் கூடியது. ஆனால் மாதாமாதம் வந்தது. மூன்றாவது வருடத்திலிருந்து மாடி வாடகையை மின்னூல்தான் கட்டியது. அதற்கு முன்பெல்லாம் வாடகைத் தேதி வந்தால் அவள் பின்படி வழியாக ஏறிப் போவாள். டயர் கடைக்காரர்தான் வீட்டுக்காரர்.

நான்காம் வருடம், மாதச் சந்தா கட்டினால் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதில் விற்பனை கிடையாது. படித்த பக்கத்துக்குத்தான் காசு. எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் எந்தப் பக்கம்வரை படித்தார்கள் என்று தளம் கணக்குக் கொடுக்கும். எழுத்தாளருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவள் நினைக்கிற கணக்கு அது.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எலும்பு முறிவு வார்டில் தான் கழித்த வருடங்களை ஒரு புத்தகமாக எழுதியிருந்தார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர். அச்சில் முந்நூறு பிரதி குடோனில் கிடந்தது. சந்தாவில் மட்டும் நானூறு பேருக்குமேல் எடுத்திருந்தார்கள். ஆனால் இருநூற்று அறுபத்தெட்டுப் பக்கத்தில் நூற்று நாற்பத்து மூன்றோடு எல்லாரும் நின்றிருந்தார்கள். ‘நல்ல புத்தகம், சட்டென்று முடிந்துவிட்டது’ என்று சிலர் கருத்தும் எழுதியிருந்தார்கள். அதை அவள் நடையைப் பற்றிய குறையாக எடுத்துக்கொண்டாள். சிஸ்டர் தன் இரண்டாவது புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: “பாதியிலயே விட்டுடுறாங்க சிஸ்டர்.”

“அப்படியாம்மா? சரிம்மா” என்று சிஸ்டர் வைத்துவிட்டார். ஒரு வருடம் கூப்பிடவில்லை. அந்தச் ‘சரிம்மா’ அவளுக்குள் முள்ளாக நின்றது.

ஒரு வருடம் கழித்து அந்தக் கணக்கை மறுபடி பார்த்தபோது அரைப்புள்ளிக்கு மட்டும் அந்த எண் ஒத்துவரவில்லை.

“சலிப்பு தட்டினா ஒருத்தர் தொண்ணூறுல விடுவார், ஒருத்தர் இருநூறுல விடுவார். நானூறு பேரும் ஒரே பக்கத்துல எந்திரிச்சுப் போறாங்கன்னா அது சலிப்பு இல்ல மேடம். அங்க என்னவோ கதவு சாத்தியிருக்கு.”

அவர் எப்போதும் தயாரான மின்னூலில் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் பார்ப்பார். நடுவில் உள்ளதைத்தான் புரூஃபிலேயே நான்கு தடவை பார்த்தாயிற்றே. அன்று சந்தா கட்டிய வாசகர்போல, பழைய கைப்பேசி ஒன்றில் முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். மதியம் மூன்று மணிக்கு எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் தொடை எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்த ஒருவர் வருகிறார். வீட்டுக்குப் போகிற நாளில் சிஸ்டரின் பேனாவை வாங்கி, கட்டிலில் தொங்கிய சார்ட்டின் அடியில் ஒரு சொல் எழுதுகிறார்: ‘முற்றும்’. அத்தியாயம் அந்தச் சொல்லோடு முடிகிறது. வேலை சுலபமாகட்டும் என்று அரைப்புள்ளி கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்து வைத்திருந்தார். தனி வரியில் ‘முற்றும்’ என்று வந்தால் அதற்கு அடுத்துப் பின்னட்டையைச் சேர்த்துவிடு. கணினி சொன்னபடி செய்திருந்தது. நூற்று நாற்பத்து மூன்றில் பின்னட்டை. மிச்சம் நூற்று இருபத்தைந்து பக்கமும் அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. பின்னட்டையைப் பார்த்த பிறகு யார் பக்கம் புரட்டுவார்கள்?

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். “அவ்வளவுதானே அண்ணே? சரி பண்ணிப் போட்டுடுங்க. பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியவே தெரியாது.”

“சிஸ்டருக்குத் தெரியணும் தாயே. தன் புத்தகம் சலிப்புன்னு நினைச்சுக்கிட்டு ஒரு பொம்பளை ஒரு வருஷமா உக்காந்திருக்காங்க.”

இருவரும் சிஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. சின்ன அறை, கட்டில் விரிப்பின் நான்கு மூலையும் வார்டுபோல மடித்துச் செருகியிருந்தது. அரைப்புள்ளி உட்காரவில்லை.

“சிஸ்டர், உங்க புத்தகத்தைப் பாதியில கொன்னது நான்தான்” என்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு டாக்டர்கூட என்கிட்ட இப்படி ஒத்துக்கிட்டதில்ல. உக்காருங்க தம்பி, பயந்துபோய் இருக்கீங்க. பல்ஸ் பாக்கட்டுமா?”

விட்டுப்போன பக்கங்களுக்கு வந்திருக்கக்கூடிய பங்கைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அரைப்புள்ளி. பதிப்பகத்தின் பங்கிலிருந்து அவளே கொடுத்தாள். அந்த அறையில் நின்றபிறகு வேறு மாதிரி செய்ய அவளுக்கு முகம் இல்லை.

அடுத்த தவணைத் தாளில் சிஸ்டருக்கு மட்டும் அடியில் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இந்த ஆறு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கடைசிப் பக்கம்வரை வந்தார்கள்.’ குடோனில் கிடந்த முந்நூறும், திரையில் படித்தவர்கள் கேட்டு வாங்கியே தீர்ந்தது. ஒரு ஜன்னல் திறந்தது. சிஸ்டர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. “இருநூத்திப் பன்னெண்டா? நிஜமாவா தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அலமாரியில் போட்டுப் பூட்டிய இரண்டாவது புத்தகத்தின் நோட்டை வெளியே எடுத்தார்.

இரண்டாவது புத்தகம் போன மாதம் முடிந்தது. வரும் திங்கட்கிழமை வெளியாகவேண்டும். “இதுல அந்தச் சொல்லே வராது தம்பி” என்று சிஸ்டர் சொன்னதற்கு, “கடைசியிலயாவது போடுங்க சிஸ்டர், ஆசையா இருக்கு” என்றாராம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவள் அலுவலகம் திறந்தாள். சிஸ்டர் அதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

“திங்கட்கிழமை வேணாம்மா” என்றார். “அவசரம் ஒண்ணுமில்ல.”

“ஃபைல் ரெடியாத்தான் இருக்கு சிஸ்டர். ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்.”

“அவர் பாத்து முடிச்சுட்டாரா?”

அவள் அவர் மேசைக்குப் போனாள். நூற்று நாற்பத்து மூன்றுக்குப் பிறகு அவர் முதலும் கடைசியும் பார்க்கிற ஆளாக இல்லை. எந்தப் புத்தகமானாலும் அந்தப் பழைய கைப்பேசியில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் படித்து, கோடு போட்ட தாளில் எண் எழுதி ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு குறி போடுவார். தாள் மேசைமேல் இருந்தது. அதன்மேல் கைப்பேசி. ஒன்றிலிருந்து இருநூற்று முப்பத்தொன்றுவரை எண்கள் வரிசையாக எழுதியிருந்தன.

நூற்று எண்பத்தேழுவரை குறி இருந்தது.