சுவரிலிருந்து எடுக்காத அட்டை

எனக்கு முன்கோபம் அதிகம். வகுப்பில் சாக்பீஸை வீசி அடித்திருக்கிறேன், தலைமை ஆசிரியரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. ஒரேயொரு பிடிவாதத்தை மட்டும் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

அப்போது கச்சிராயபாளையம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவேன். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த காலம் அது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உலகப் போர் இரண்டும் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கேட்டு, புத்தகத்தில் இல்லாத உங்கள் ஊர்க் கதையை எழுதி வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கீழ்நாட்டுப் பிள்ளைகள் ஏரி வெட்டியது, தேர் ஓடியது, அணை கட்டியபோது யார் யார் நிலம் போனது என்று எழுதிவந்தார்கள். வகுப்பில் மலைக்காரப் பெண் ஒருத்திதான். விடுதியில் தங்கிப் படித்தவள். வாத்தியார் வராத தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தானே ஒருநாள் டீச்சராகப் போவேன் என்பாள். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மலையை ஆண்ட ஜாகீர்தார்கள் காலத்தில் அங்கே ஒவ்வொரு வீட்டு ஆளும் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைக்க வேண்டும். ஒரு மழைக்கு அவள் அப்பா தன் காட்டில் சாமை விதைத்துவிட்டுத் தாமதமாகப் போயிருக்கிறார். மரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்களாம். களை எடுக்கும்போது அம்மா சொன்னதாக எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "எங்க அப்பா எவ்வளவு வெயிலிலும் சட்டையைக் கழற்ற மாட்டார். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது."

படித்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். அழுத கையோடு வகுப்பில் நன்றாகப் படம் போடுகிறவளைக் கூப்பிட்டு, பெரிய அட்டையில் வரையச் சொன்னேன். மரத்தில் கட்டிய மனிதன், இந்தப் பக்கம் தெரிகிற முதுகு. கீழே அவள் எழுதியது முழுவதும், பெயரோடு.

சுவரில் மாட்டும்போது, எழுதியவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேணாங்க டீச்சர். எனக்குத் தெரியும்னே அப்பாவுக்குத் தெரியாதுங்க."

வரலாற்றுக்கு வெட்கம் கிடையாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நான் அட்டையை மாட்டி முடித்தேன்.

அடுத்த சந்தை நாளில் அவள் அப்பா வகுப்புக்கு வந்தார். மலையிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் எனக்கென்று ஏதாவது கொண்டுவருவார். அன்று ஒரு பாட்டில் தேன். எழுத்து தெரியாதவர், ஆனால் படம் தெரியுமே. என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டார். அவள் தலையைத் தொங்கப்போட்டாள். பக்கத்துப் பெண் உதவுவதாக நினைத்துக்கொண்டு எழுந்து சத்தமாகக் கடைசிவரை படித்துவிட்டாள்.

அவர் தேன் பாட்டிலை என் மேசைமேல் வைத்தார்.

"உங்கப்பாரு அடி வாங்கியிருந்தா படம் போட்டு மாட்டுவீங்களா, டீச்சரம்மா?"

அடித்தவனுக்குத்தான் அது அவமானம், உங்களுக்கு இல்லை என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

"இருக்கலாங்க. முதுகு என்னுதாச்சே. அத எடுத்துடுங்க."

மகளின் டிரங்குப் பெட்டியை விடுதியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அட்டையைக் கழற்றிவிடும்மா, எதற்கு வம்பு என்றார் தலைமை ஆசிரியர். கழற்றினால் சவுக்கு பிடித்தவன் பக்கம் சேர்ந்ததுபோல் ஆகும் என்று சண்டைக்கு நின்றேன். மறுநாளே மலைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். நான்கு நாள் போனால் அவரே கொண்டுவந்து விடுவார் என்று வீம்பாக இருந்தேன். பொதுத்தேர்வுப் பட்டியலில் பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் போடாவிட்டால் அந்த வருஷம் தேர்வு கிடையாது.

அதற்குள், சாலையை மறிக்கப் போராட்டக்காரர்கள் வெட்டி, சாலையோரப் புளியமரங்கள் விழுந்தன. பஸ் நின்றது, பள்ளியைப் பூட்டினார்கள். என் தம்பியும் கோடாலியோடு போனவன்தான். அவர்கள் கேட்டதும் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, நீ வெட்டிப்போட்ட மரம் ஒரு பெண்ணின் வழியை அடைத்துவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனான்.

வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் மலைக்குப் போனேன். உச்சி வெயிலில், சட்டையோடு, காட்டில் நின்றிருந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டியலை நாளைவரை நிறுத்திவைத்திருக்கிறேன், என்னோடு அனுப்புங்கள் என்றேன். மாமன் மகனுக்குப் பரிசம் போட்டாகிவிட்டது என்றார். எனக்கு வந்ததே கோபம். இரண்டு வாரம் பொறுக்க முடியவில்லையா என்று கத்தினேன்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"பொண்ணு அழுதுக்கினே இருந்துச்சுங்க. எனக்கும் மனசு கேக்கல. பஸ் இல்லன்னு நடந்தே இட்டுக்கினு வந்தேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்துச்சு. தொறக்கற வரைக்கும் தெரிஞ்சவங்க வூட்ல தங்கிக்கலாம்னு சொன்னேன். அது ஜன்னல்ல எட்டிப் பாத்துச்சு."

அத்தோடு நிறுத்திவிட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"படம் அங்கியே இருந்துச்சுங்க டீச்சர். நான்தான் அப்பாவ வா போலாம்னேன்."

மரத்தைச் சொல்லித் திட்டியதற்குத் தம்பியிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று தனியாகக் கீழே இறங்கியதும் நேராகப் பள்ளிக்குத்தான் போனேன். அந்த அட்டையைக் கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.