குடிக்கக் கூடாத தண்ணீர்

எங்கள் காளவாயில் ஒரு பானைத் தண்ணீர் உண்டு. எத்தனை தாகமாக இருந்தாலும் அதை யாரும் குடிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரியலூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் எல்லையில் அப்பா சுண்ணாம்புக் காளவாய் போட்டிருந்தார். கல்லையும் விறகையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைப்பார்கள். வெந்த கல் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். தண்ணீர் பட்டதும் சீறும், கொதிக்கும், பிறகு வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும். அதற்காகவே தரையில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில், பலகையால் மூடியபடி, இந்தப் பானை இருக்கும்.

பள்ளிக்கூடம் போகுமுன் பழைய தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, பானையைத் துலக்கிப் புதுத் தண்ணீர் நிரப்புவது என் வேலை. கோடையில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். கூலிக்கு வந்தவர்கள் நாக்கு வறண்டு நிற்பார்கள். அப்போதும் இந்தப் பானைக்குக் காவல்தான். அப்பா கொஞ்சம் கஞ்சர் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேறு காரணம் சொல்லுவார். “உங்கப்பா அதுல பூதத்த அடைச்சு வெச்சிருக்காரு பாப்பா. மூடியத் தொறந்தியோ, மொத வேலையா உன் சிலேட்டத் தின்னுடும்.”

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். மூன்றாம் வகுப்பு படிப்பவள் பூதத்தை நம்ப முடியுமா? நம்பவில்லை. ஆனாலும் பானையை நிரப்பியதும் சட்டென்று மூடிவிடுவேன்.

அப்பா வேலையில் கறார். எல்லாரும் கைகாலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் குழியருகே போக வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். “தண்ணியில கல்லப் போடு, கல்லுமேல தண்ணிய ஊத்தாத” என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் சுண்ணாம்பு தெறித்துப் போன கண். சுண்ணாம்பு பட்டால் கண் போகத்தான் செய்யும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த வருஷம் ஏலாக்குறிச்சிக் கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கேட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை. அப்பா சற்றுத் தள்ளி வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா தூள் சலித்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு வாலிகண்டபுரத்தில் பெண் பார்த்துப் பரிசம் போட்டிருந்தது. ஆகவே அவர் கால் தரையில் நிற்கவில்லை.

“இங்க வா பாப்பா. அடுப்பில்லாம பொங்க வெக்கிறேன், பாக்குறியா?”

கல்லைக் குழிக்குள் குவித்து, வாளித் தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. “என்னடா இது, எனக்குப் பயந்துக்கிச்சா?” என்று குனிந்து பார்த்தார். அப்போது வெடித்தது.

மாமா முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். அவர் போட்ட சத்தத்தில் வண்டி மாடுகள் மிரண்டன. அம்மா சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி, எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். “கண்ணத் தொறடா தம்பி. எண்ணெ விட்டா குளுந்துரும்” என்று மண்டியிட்டாள். கையில் தடவினால் காக்கிற எண்ணெய் கண்ணையும் காக்கும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பா வந்த வேகத்தில் அந்தக் குப்பியைத் தட்டிவிட்டார். அது கல்லில் பட்டு உடைந்தது. அம்மாவிடம் கை ஓங்கி அறியாத மனுஷர் அவர். அம்மா அவரையே பார்த்தபடி நின்றாள்.

அப்பா காய்ந்த துண்டால் மாமாவின் முகத்திலிருந்த தூளை முதலில் துடைத்தார். அடிபட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்தார்.

“பானையத் தூக்கு. ஊத்து.”

அம்மா அசையவில்லை.

“என்னப் பாக்காத புள்ள. ஊத்து.”

ஊற்றினாள். மாமா துடித்தார். “மச்சான், விட்டுருங்க மச்சான், கண்ணே போயிரும்.”

“மூடுனாத்தான்டா போகும். தொறந்து வையி.”

பானை காலியானது. கிணற்றிலிருந்து ஆள்மாற்றி ஆள் குடத்தோடு ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். காளவாயின் நிழல் எங்கள்மேல் நகர்ந்து வரும்வரை ஊற்றினார்கள். சொன்ன பேச்சுக் கேட்காததற்கு மாமாவை அப்பா தண்டிக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

பிறகு வண்டிப் பாரத்தை இறக்கிவிட்டு மாமாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தீயை விட்டு வர முடியாமல் அம்மா தங்கிவிட்டாள். போர்டு படிக்க ஆள் வேண்டும் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டார். வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தார்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். “கண்ணுல என்ன விட்டீங்க?”

“தண்ணி மட்டுந்தாங்க.”

“நல்லவேளை. எண்ணெ கிண்ணெ விட்டிருந்தா சுண்ணாம்பு உள்ளயே ஒட்டிக்கிட்டு கண்ணத் தின்னிருக்கும். தண்ணிதான் காப்பாத்திச்சு.” பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். “உனக்கு இது எப்ப?”

“அது பழசுங்க” என்று சொல்லி அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கட்டுப் பிரித்த அன்று மாமா என்னைத்தான் முதலில் பார்த்தார். “உன் மூக்கு கோணல்னு இப்பத்தான் தெரியுது பாப்பா” என்றார். அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

வீட்டில் படித்தவளாகிய நான் சும்மா இருப்பேனா? பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தேன். “அம்மா, டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? எண்ணெ விட்டிருந்தா மாமா கண்ணு போயிருக்குமாம். தண்ணிதான் காப்பாத்திச்சாம்.”

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அவள் அப்பாவின் இடது கண்ணைப் பார்த்தாள்.

“அன்னிக்கு ஒங்களுக்கு நான்தானே எண்ணெ விட்டேன்” என்றாள்.

அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எனக்குக் கல்லே உள்ள போயிருச்சு. அது வேற. ஆத்தையே கொண்டாந்து ஊத்தியிருந்தாலும் நின்னிருக்காது. கொழம்ப ஊத்து.”

“டாக்டரு அப்படிச் சொல்லலியேப்பா” என்றேன்.

“சாப்புடு” என்றார்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. உடைந்த எண்ணெய்க் குப்பியை இன்னும் அவள் மறக்கவில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நான் பானையை எடுக்கப் போனபோது அவளே அதைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அந்தப் பானையை நிரப்பும் வேலையை அவள் என்னிடம் தரவே இல்லை.

அப்பாவை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. டாக்டர் அத்தனை தெளிவாகச் சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. பாவம், படிக்காதவர். இன்னொரு நாள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவருக்கு நிதானமாக விளங்க வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.